இறுக்கி மூடிய கியர் பாக்ஸ்

லாரி கியர் பாக்ஸ் என்றால் தீர்த்தகிரிக்குத் தலைகீழ்ப் பாடம். பாலக்கோட்டில் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறார். தக்காளி லோடு வழியில் நின்றால் டிரைவர்கள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அதனால் வாய்த்துடுக்கும் கொஞ்சம் உண்டு. "ஆட்டோமேட்டிக்னா என்ன, ஆகாசத்துல இருந்தா வந்துச்சு?" என்று கேட்டுத்தான் சந்திரமோகன் சாரின் காரை வேலைக்கு எடுத்தார்.

சந்திரமோகன் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். விபத்தில் இடது கால் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க வேண்டாத இந்தக் கார் வாங்கிய பிறகுதான் யார் தயவும் இல்லாமல் வேலைக்குப் போய் வந்தார். அது இரைந்து இரைந்து நின்றுபோனதும் பழையபடி பஸ். படியேறும்போது யாராவது கை கொடுத்தால் மனிதருக்கு முகம் சுண்டிவிடும்.

பிரித்துப் பார்த்தால் புஷ் என்கிற உலோக வளையம் ஒன்று தேய்ந்து, அதையடுத்த பேரிங் நொறுங்கிக் கிடந்தது. உள்ளே தட்டையான பேரிங்குகள் ஏழெட்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், கனத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம். எது எங்கே, எந்த முகம் மேலே என்று தீர்த்தகிரி சொல்லச் சொல்ல, மனைவி சசிகலா அட்டையில் எழுதினாள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பப் பூட்டும்போதுதான் வினை. கடைசியாக வைக்கும் ஆயில் பம்ப் முழுதாக உட்காரவில்லை. ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி.

"உள்ள ஏதோ வெலகியிருக்குதுங்க. எடுத்துப் பாத்துடுங்க," என்றாள் சசிகலா.

"போல்ட்டு இழுத்துக்கும் போ."

லாரியில் அப்படி எத்தனையோ முறை இழுத்திருக்கிறார். இதுவும் இழுத்தது. உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். இடம் நழுவியிருந்த புதுப் பேரிங் நசுங்கிப்போனது. வேறு பேரிங் பெங்களூரிலிருந்து வர நாலு நாள் ஆகும்.

கடைக்காரன் தப்பான சாமானைக் கொடுத்துவிட்டான் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் சாயங்காலம் சார் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊன்றுகோலோடு ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் அந்தப் பொய்க்கு நாக்கு எழவில்லை.

"நான்தான் சார் ஒடச்சுட்டேன். லாரின்னு நெனச்சு இறுக்கிட்டேன். வேற பேரிங் வர நாலு நாளாகும்."

சந்திரமோகன் காரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் நாலு நாளு பஸ்ஸாங்க?"

"பஸ் வேணாங்க சார். காலையில ஏழரைக்கு வூட்டுக்கு என் ஜீப் வந்துரும்."

சொன்னபடி வந்தது. நாலு நாளும் தீர்த்தகிரியே கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினார். நாலு நாளும் சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நன்றிங்க," என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தீர்த்தகிரிக்கு உடம்பு கூசியது.

பேரிங் வந்தது. இந்த முறை வாசலின் களிம்பைத் தடவி, நழுவாமல் ஒட்டவைத்து, பம்ப்பைக் கையால் மெல்லத் திருப்பித் திருப்பி இறக்கினார். அது தானாகவே போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். அன்று மாலையே சந்திரமோகன் காரை எடுத்துப் போனார்.

மறுநாள் காலை ஏழரைக்கு, பழக்க தோஷத்தில், சார் வீட்டு வாசலில் ஜீப் போய் நின்றது.

கோலம் போட்டுக்கொண்டிருந்த சாரின் மனைவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அவரு அப்பவே கெளம்பிட்டாருங்களே. கதவு தெறக்கக்கூட என்னைக் கூப்புடல."

தீர்த்தகிரிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. காலி ஜீப்பைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.