பல் பிடுங்கிய அன்று நடந்த போர்டு மீட்டிங்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு ரப்பர் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பஸ் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்துகிற ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி. பட்டறை அவனியாபுரத்தில், ஆபீஸ் ஆரப்பாளையத்தில் ஒரு மாடியில். டைரக்டர்கள் கூடும்போது மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவதும் என் வேலைதான். எழுதுவது என்று பேருக்குச் சொல்கிறேன். முதலாளி முதல் நாளே சொல்லிவிடுவார், நானும் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று டைப் அடித்துத் தயாராக வைத்துவிடுவேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருக்கும்.

டைரக்டர்கள் நாலு பேர்: முதலாளி, அவருடைய தம்பி, முதலாளி மனைவியின் உடன்பிறந்தவரான மச்சினன், ரப்பர் கலவை தெரிந்த ஒரு ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி புரபசர். முதலாளி பேசி முடித்ததும் தம்பி, "அண்ணே சொன்னாச் சரிதான்" என்பார். மச்சினன், "மச்சான் சொன்னதுக்கு அப்பறம் பேச என்ன இருக்கு" என்பார். புரபசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டுவார். எல்லாம் கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் அன்றைய உளுந்தவடையில் மிளகு போதுமா போதாதா என்ற வாக்குவாதத்தில் போய்விடும். சத்தியமாகச் சொல்கிறேன், வடை விஷயத்தில் மட்டும்தான் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை வந்து பார்த்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அடுத்த மீட்டிங்குக்கு, பட்டறைய ஓசூருக்கு மாத்துறதுன்னு தீர்மானம் அடிச்சு வச்சிரும்மா. ஆபீசும் கூடவே போகுது" என்றார்.

எனக்கு உடனே வீட்டு நினைப்புதான் வந்தது. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. தங்கை மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இவர்களை விட்டுவிட்டு நான் ஓசூர் போவதெங்கே? போகாவிட்டால் வேலை போச்சு. "சரிங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்ல? என் பிழைப்புக்கு உலை வைக்கிற தீர்மானத்தை நானே, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், மூன்று பிரதி எடுத்து வைத்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீட்டிங் அன்று முதலாளி ஒரு கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். காலையில்தான் கோரிப்பாளையத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். வாய்க்குள் பஞ்சு. சாயங்காலம் வரை வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. நோட்டீஸ் அனுப்பிய மீட்டிங்கைத் தள்ளிப்போட மனசில்லாமல் வந்துவிட்டார். உட்கார்ந்து, ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினார்.

யாரும் ஆரம்பிக்கவில்லை! எப்படி ஆரம்பிப்பார்கள்? அண்ணன் சொன்னதற்குச் சரி சொல்லித்தான் பழக்கம். அண்ணன் சொல்லாததற்கு என்ன சொல்வது? தம்பி வடையைப் பார்த்தார். மச்சினன் ஃபேனைப் பார்த்தார். கடைசியில் புரபசர்தான் கனைத்துக்கொண்டு, "தம்பிதானே ஓசூர்ப் பேச்சை எடுத்தது, அவரே சொல்லட்டும்" என்றார்.

"நானா?" தம்பி பதறிவிட்டார். "ஒரு கல்யாணப் பந்தியில, ஓசூர்ல சர்க்கார் இடம் குடுக்குறாகளாம்னு அண்ணேகிட்ட சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாளே அண்ணே எம்புட்டு தூரம், கரண்டு எப்படின்னு விசாரிக்கவும், சரி, அவுகளுக்கு ஆசை போலன்னு விட்டுட்டேன். எனக்கு எதுக்குங்க ஓசூரு?"

"அட, ஒனக்கு வேணாமா மாப்ள?" என்றார் மச்சினன். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீக, நடுவுல நான் எதுக்குக் குறுக்கன்னுல்ல இருந்தேன்! பஸ்ஸுக்குப் பாடி கட்டுற பட்டறையெல்லாம் இங்கன இருக்கு. அம்புட்டு தூரம் போயி அங்கயிருந்து இங்க லாரியில ஏத்துறதுக்கு நமக்கென்ன கிறுக்கா?"

புரபசர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம கலவையோட பக்குவம் பட்டறையில ரப்பர அழுத்துற பிரஸ்காரங்க கையில இருக்கு. அவங்க யாரும் வரமாட்டாங்க. குடும்ப விஷயம்னு நெனச்சு நான் பேசாம இருந்துட்டேன்."

முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பஞ்சோடு "ம்ம்! ம்ம்!" என்கிறார். என் கையிலிருந்த நோட்டை வெடுக்கென்று பிடுங்கி எழுதினார்: 'எனக்கும் வேண்டாம். தம்பி ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன்.'

தம்பி அதைச் சத்தமாக வாசித்தார். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆக, யாருக்குமே வேண்டாத ஊருக்கு அம்புட்டுப் பேரும் மூட்டையக் கட்டிருக்கோம்!"

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து பேசியதை எழுதி எழுதி எனக்கு விரல் வலித்தது. பழைய பாய்லரிலிருந்து ஆள் பற்றாக்குறை வரை அத்தனையும் வெளியே வந்தது. அடங்கொப்புரானே, இவர்களுக்குள் இவ்வளவு விஷயம் இருந்ததா என்று வாயைப் பிளந்தேன். ஒருவர் மனசை ஒருவர் புண்படுத்தக்கூடாது என்றே இத்தனை வருஷம் கம்பெனி நடத்தியிருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள்தான், அதுதான் வம்பு. அதற்குப் பிறகு பல் சரியான பின்னும் முதலாளி கடைசியில்தான் பேசுவார். மீட்டிங் நீளும், சண்டை வரும், வடை ஆறிப்போகும். கம்பெனி அவனியாபுரத்திலேயே இருந்தது.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை தப்பித்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். பல்லையும் பஞ்சையும் சொல்லும்போது சிரிப்பு தாங்கவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப நீ ஓசூருக்குப் போகலையா?" என்றாள்.

"நான் போறதா ஒங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"ஒங்க ஆபீஸ் வாட்ச்மேன் சம்சாரம் அந்த வார ஞாயித்துக்கிழமையே கோயில்ல வச்சு, ஆபீசே ஓசூருக்குப் போகுதுன்னு சொல்லிட்டா. நீயா வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. சோறும் திங்கல. சரி, புள்ளைக்குப் போக ஆசை, நம்மள நெனச்சுத்தான் தவிக்குதுன்னு நெனச்சேன். போகாதன்னு சொல்ல நான் யாரு?"

கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னாள். பழைய சேலைக்குக் கீழே, ஊசியோடு, ஒரு கை மட்டும் பின்னாமல் பாக்கி இருந்த நீலக் கம்பளிச் சட்டை கிடந்தது.

"அந்த ஊர்ல குளிருமாம்ல" என்றாள்.