இறக்கையடி முனியாண்டி

செமோர் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் ஒரு பட்டாளத்து விமானம் கிடந்தது. சாமான் ஏற்றுகிற விமானம்; வால் பக்கம் ஒரு லோரி நுழையும் அளவுக்கு வாய் திறக்கும். அது அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் ஏலத்தில் எடுத்து, இழுத்து வந்து போட்டுவிட்டுச் செத்துப்போனார் என்பதுதான் ஓரளவு நம்பும்படியானது. ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் அழித்து, தமான் என்று வரிசை வீடுகள் கட்டப் போவதாகச் சொன்னார்கள். விமானத்தை மட்டும் எவனும் தொடவில்லை. அரசாங்கச் சொத்தோ என்னவோ என்ற பயம்.

அந்தப் பயத்தில்தான் முனியாண்டி பிழைத்துக் கிடந்தார். பால்மரத்தடியில் கல்லாக இருந்தவரை, மரம் போனதும் சனங்கள் தூக்கிவந்து விமானத்தின் இறக்கைக்குக் கீழே வைத்தார்கள். அங்கே மழை விழாது. பிறகு சனங்களும் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் பிரிந்து போக, விளக்கேற்ற என் அக்கா ஒருத்திதான் மிஞ்சினாள். மாமா காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜொகூரில். மகள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவோ, விளக்கை யார் பார்ப்பது என்று சொல்லி, ஓட்டை லயத்து வீட்டை விட்டு நகரவில்லை. அந்தக் கல்லின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் ஈப்போவில் லோரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குப் பழக்கமான சாப்பாட்டுக் கடை பாய் ஒருநாள் வந்து, அந்த விமானத்தை நிலக்காரரிடம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். பழையபடி ஆக்கி, புதுக் கடை வாசலில் நிறுத்தி, உள்ளே மேசை போட வேண்டுமாம்.

"அலுமினியம்தானே லா தம்பி. லோரிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுக் குடு."

யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

"பூப் போட்டுக் கேக்காம ஒரு ஆணியும் கழட்டக்கூடாது" என்றாள்.

எங்கள் வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். கேள்வியை மனத்துக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை விட்டு ஒரு மடிப்பை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். அக்காவும் நானும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். என் பட்டறை ஆள் ஒருவனின் சின்ன மகள் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. கையோடு கிரேனுக்குச் சொல்லிவிட்டேன்.

இறக்கைகளைக் கழற்றுவதற்குள் உயிர் போயிற்று. போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லித்தான் கழற்றினோம். உடம்பை நீள லோரியில் ஏற்றிக் கட்டி முடித்த நேரம், அக்கா கல்லை மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"உள்ள வைடா. சாமியும் வருது."

"எங்க வருது?"

"நீதான் பாத்தியே, வெள்ளை வந்துச்சே. விமானத்தோட போறியான்னு கேட்டேன், சரின்னுச்சு."

நான் கேட்டது விமானத்தை எடுத்துப் போகலாமா என்பது. அவள் கேட்டது வேறு. இரண்டு பேரும் இரண்டு கேள்வி கேட்க, ஒரு பூ வந்திருக்கிறது. அது யாருக்கு வந்த பதில்? கிரேன்காரன் மணியைப் பார்த்தான். மண் தள்ளுகிற வண்டி ஏற்கெனவே லயத்துப் பக்கம் வந்து நின்றது. கல்லை அங்கே விட்டால் மறுநாள் மண்ணோடு மண்ணாகிவிடும். வாங்கி உள்ளே வைத்தேன்.

ஈப்போவில் பாயின் நிலத்தில் வேலை தொடங்கினோம். அதிலும் குழப்பம்தான். மேலே இருந்த பச்சையைச் சுரண்டினால் சாம்பல் நிறம், அதற்கும் கீழே வெள்ளி. பழையபடி ஆக்கு என்கிறார் பாய்; எந்தப் பழையபடி என்று அவருக்கே தெரியவில்லை. அரித்துப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ரிவிட் அடித்தோம். லயம் இடிபட்டதும் செமோர் டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கிய அக்கா, வெள்ளிக்கிழமை தோறும் அங்கிருந்து பஸ் பிடித்து வந்து, வால் வழியாக ஏறி, விளக்கேற்றிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் என் ஆட்களும் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏற ஆரம்பித்தார்கள். வெறுங்காலோடு வெல்டிங் செய்கிற பட்டறை உலகத்தில் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெயிண்ட் முடியும் தறுவாயில் பாய் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"நான் அதுல கைய வைக்க மாட்டேன் தம்பி. அது உங்க சாமி. ஆனா சாப்பிட வர்ற ஆளுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அக்கா விளக்கேற்றியதிலும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பெயிண்ட் அடிக்கிறவனைப் பிடித்துத் திட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னேன்.

"மறுபடியும் பூப் போடலாம்க்கா. சாமிய வேற எடத்துக்கு மாத்தலாமான்னு கேளு. இந்தத் தடவ வாய விட்டுக் கேளு."

அக்கா இரண்டு வெற்றிலையை மடித்துப் போட்டாள். "பிள்ளைக்கு எங்க போறது? நீயே எடு. உனக்கும் அவ்வளவு வெவரம்தான்" என்றாள். பிறகு கையைக் கூப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"முனியாண்டி, உன்னை இவன்கிட்ட விட்டுட்டு நான் எம்மக வீட்டுக்குப் போயிரட்டுமா?"

நான் நினைத்த கேள்வி அதுவல்ல. போக மனமில்லாதவள் என்று இத்தனை காலம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகத் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தேன்.

சிவப்பு.

கீழே நின்றிருந்த பாய், "சிவப்பு நல்லதா தம்பி?" என்றார். அக்கா அந்தப் பூவைப் பார்த்தாள். அழவில்லை. "சரி, விடு" என்று முந்தானையை உதறி எழுந்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஜொகூர் பஸ்ஸா?" என்றேன்.

"சாமிதான் வேணாங்குதே."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கெளம்பு."

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே அவளை பஸ் ஏற்றிவிட்டேன். விமானம் வெள்ளி நிறத்தில் பாயின் கடை வாசலில் நிற்கிறது. முனியாண்டி என் பட்டறையில், கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறார். விளக்கு நான்தான் ஏற்றுகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் பார்த்து அக்கா போன் செய்வாள்.

"சாமி என்னடா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"நீ பேசுறேன்னியே, என்ன பேசின?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கல்லுக்கு முன்னால் விளக்கின் திரியைத் தூண்டிவிடுவேன்.