முதல் வரியில் யார் பெயர்

அன்று ஸ்டூடியோவின் பின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டூடியோ முதலாளி. அரியலூரிலிருந்து பாட வந்த அக்கா. ஜெயங்கொண்டத்தில் காது குத்தவிருந்த பிள்ளையின் தாய்மாமன்கள் இரண்டு பேரில் சின்னவர். அவருடைய மனைவி. அப்புறம் நான். அந்த அம்மாவின் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சாட்சிக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. பெரிய மாமன் வரவில்லை.

இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் உண்டு. பிறகு கேட்டபோது, அந்த ஐந்து பேரில் நாலு பேருக்கு அன்று பேசியது எதுவுமே ஞாபகம் இல்லை.

பெரம்பலூரில் அந்த ஸ்டூடியோவில் எனக்கு ஆல்பம் டிசைன் பண்ணுகிற வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கம்ப்யூட்டரை அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை இணையத்தில் ஏற்றினால், பின்னால் ஓடுகிற சினிமாப் பாட்டுக்கு உரிமை கேட்டு யாராவது சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். மேளதாளத்தோடு சீர் கொண்டு வருகிறவர்கள் ஊமைப்படம் மாதிரி நடந்து வருவார்கள். பணம் கொடுத்தவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். அந்தத் திட்டு தாங்காமல்தான் முதலாளி ஒருநாள் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எந்நேரமும் எதையாச்சும் முணுமுணுத்துக்கிட்டே இருக்கியே. சொந்தமா ஒரு மெட்டு போட்டுத் தாயேன். மாமன் சீர் பாட்டு. நாலாயிரம் தரேன்."

சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து அப்போதே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இசை தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. போனில் ஒரு கீபோர்டு செயலி இருந்தது. வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது இயர்போனை மாட்டிக்கொண்டு அதைத் தடவிக்கொண்டிருப்பேன். சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களில் பாதி இங்கிலீஷ். புரியாததைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதி வைத்தேன். கட்டைகளுக்கு நம்பர் போட்டேன். மூன்று, ஐந்து, ஐந்து, ஆறு. அதுதான் என் நொட்டேஷன். வேறு யார் பார்த்தாலும் யாருடைய போன் நம்பர் என்றுதான் கேட்பார்கள்.

மெட்டு வருவது பெரிய கஷ்டமில்லை. வந்த பிறகு பிடிக்கிற பயம்தான் கஷ்டம். நன்றாக இருந்தால், இது ஏற்கெனவே எங்கேயோ கேட்டதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பக்கத்தில் பிரிண்ட் போடுகிற பெண்ணிடம் முனகிக் காட்டி, "இது எந்தப் படத்துல வருது, சொல்லு" என்பேன். அவள், "எந்தப் படத்துலயும் வரல, போய் வேலைய பாரு" என்பாள். அதையும் நம்பாமல் டீக்கடை அண்ணனிடம் போய் முனகுவேன். அவர் டீயில் சர்க்கரை போட மறந்ததுதான் மிச்சம். இப்படி ஏழு மெட்டைத் தூக்கிப் போட்டேன். எட்டாவதை வைத்துக்கொண்டேன்.

அந்த எட்டாவதில்தான் வினை. நாலு அடி தாளம். ஒவ்வொரு வரியும் முதல் அடியில் டக்கென்று விழ வேண்டும். மாமன் பெயர்கள் இரண்டும் பாட்டில் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சின்னவர் பெயர் மூன்றெழுத்து. முதல் வரியின் தொடக்கத்தில் அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. பெரியவர் பெயர் நீளம். அதை முதல் வரியில் வைத்தால், அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் தள்ளிப்போய், பெயரையே நொண்டியாகச் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டாவது வரியில் மெட்டு கொஞ்சம் நீண்டு போகும். அங்கே தாராளமாக இடம் இருந்தது. அங்கே வைத்தேன்.

வைத்துவிட்டுத் தூங்கினேனா என்றால் இல்லை. மாமன் சீரில் யார் முன்னால், யார் பின்னால் என்பது எனக்குத் தெரியாதா? பத்திரிகை டிசைன் பண்ணும்போது பெரியவர் பெயரை ஒரு நூல் கீழே இறக்கிவிட்டதற்கே அச்சடித்த முந்நூறு பத்திரிகையையும் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் பின் அறையில் பாட்டுப் பதிவு செய்த அன்று கேட்டேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

முதலில் முதலாளியிடம். "அண்ணே, பெரியவர் பேரு ரெண்டாவது வரியிலதான் வருது. பரவால்லையா?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பார்ட்டி இங்கதான இருக்காங்க. அவங்களையே கேளு" என்றார்.

சின்னவரிடம் கேட்டேன். "அட, அதுல என்னங்க இருக்கு. எங்க அண்ணன் அதெல்லாம் பாக்க மாட்டாரு" என்றார். அவர் மனைவி குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தன் வீட்டுக்காரர் பெயர் முதலில் வந்ததற்கான சிரிப்பு அது. அன்றைக்கே அது எனக்குப் புரிந்தது.

மூன்றாவதாகப் பாட வந்த அக்காவிடம், "மாத்திப் பாடிப் பாக்கலாமாக்கா?" என்றேன். "மெட்டு நல்லா உக்காந்திருக்கும்மா. நோண்டாத. எனக்கு ஒரு மணி பஸ்ஸு" என்றார்.

அப்படியே பதிவு செய்தோம். ஐந்நூறு ரூபாய் வாங்கியவளுக்கு அதற்கு மேல் வாய் எழும்பவில்லை.

காதுகுத்து அன்று மண்டப வாசலில் பெரிய எல்இடி திரை வைத்து, அதன் பக்கத்தில் லேப்டாப்போடு என்னை உட்கார வைத்திருந்தார்கள். சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. முன்னால் பெரிய மாமன், தலைப்பாகையோடு, கையில் தோடு வைத்த தட்டு. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடு வைத்திருப்பவர். இந்த ஒரு நாளுக்காக மீசைக்கு மை போட்டு வந்திருந்தார். முதலாளி கை காட்டினார். நான் பாட்டை ஓடவிட்டேன்.

முதலில் மேளம். நான் போட்டது. அது எழுந்ததுமே ஜனம் திரும்பிப் பார்த்தது. என் வாழ்நாளில் அந்த நாலு விநாடிதான் சந்தோஷம். ஐந்தாவது விநாடியில் சின்னவர் பெயர் வந்தது.

பெரியவர் நின்றார். அவர் பின்னால் வந்த தட்டுகளெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. குனிந்து, கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தார்.

"எனக்கு முன்னாடி இவன் எப்பய்யா பொறந்தான்?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. என் பாட்டு மட்டும் வெட்கமில்லாமல் அவர் பெயருக்கு வந்து, நீட்டிப் பாடிவிட்டுப் போனது.

சின்னவர் ஓடி வந்தார். "ஸ்டூடியோக்காரங்க செஞ்ச வேலைண்ணே. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவர் மனைவி, "நாங்க பேரு குடுத்ததோட சரி மாமா" என்றார்.

அக்காவை மேடையில் பாட அழைத்திருந்தார்கள். அவர் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

முதலாளி என்னைக் காட்டினார். "நம்ம கடைப் பொண்ணுங்க. படிப்பு கம்மி. முறை தெரியாம போட்டுடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

படிப்பு கம்மி. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும், அந்த முறையைப் பற்றி வாய் திறந்து கேட்டவள் நான் ஒருத்திதான். ஒன்பதாவதோடு நின்றவளுக்குத் தெரிந்தது, பி.காம். படித்த சின்னவருக்குத் தெரியவில்லையாம்.

பெரியவர் என்னிடம் வந்தார். "நீயாம்மா போட்ட?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேளுங்க, மூணு தரம் கேட்டேன், இதோ நிக்கிறாங்க பாருங்க என்று. என் வாயிலிருந்து வந்தது, "ஆமாங்க. மாத்திப் போட்டுத் தரேங்க." இன்றைக்கு நினைத்தாலும் மற்ற நாலு பேர் மேல் வருகிற கோபத்தைவிட என் வாய் மேல்தான் கோபம் அதிகமாக வருகிறது.

பாட்டை நிறுத்தி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே வந்து அண்ணன் கையைப் பிடித்தார். அரை மணி நேரம் கழித்துப் பெரியவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை அழுதது. அதற்காவது நான் காரணம் இல்லை.

அடுத்த நாள் முதலாளி, "வீடியோவுல சேக்கணும். பெரியவர் பேர மொதல்ல வச்சு வேற போடு" என்றார். மூன்று நாள் முட்டிக்கொண்டேன். அந்த நீளப் பெயர் முதல் அடியில் உட்கார மறுத்தது. வேகத்தைக் குறைத்தேன், சாவு வீட்டுப் பாட்டு மாதிரி ஆனது. பெயரைச் சுருக்கினேன், அது அடுத்த சண்டைக்கு அழைப்பு.

நாலாவது நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் அடித்துக்கொண்டே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வேப்பந்தட்டை, வேப்பந்தட்டை." வருடக்கணக்காகக் கேட்ட குரல்தான். அன்றைக்குத்தான் கை எங்கே விழுகிறது என்று கவனித்தேன். 'வேப்பந்' என்பதைக் கை விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அதற்கு அடுத்த எழுத்தில்தான் அடி. பெயர் தாளத்துக்காகக் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே கிளம்பி, அடி விழும்போது அங்கே இருக்கிறது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பெரியவர் பெயரை அப்படியே செய்தேன். முந்தின அடியிலேயே பெயரை எடுத்துவிட்டு, அழுத்த வேண்டிய எழுத்தை முதல் அடியில் இறக்கினேன். இறங்கியது. அடி விழும் முன்பே ஒரு ஆள் நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வருகிற மாதிரி இருந்தது. பழைய மெட்டைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் யாரிடமும் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

அக்கா வந்து பாடிவிட்டுத் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். பெரியவருக்கு அனுப்பினோம். அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் அனுப்பினார்: "இத மொதல்லயே போட்டிருந்தா நான் எதுக்குத் தட்ட எறக்குறேன்." ஸ்டூடியோவுக்குச் சேர வேண்டியதை முழுசாகக் கட்டினார். எனக்குத் தெரியும், ரசீது எழுதியதே நான்தான். இப்போது அந்த மெட்டில் பெயரை மட்டும் மாற்றி, முதலாளி இன்னும் மூன்று காதுகுத்துக்கு விற்றிருக்கிறார். வீடியோவில் இசை என்ற இடத்தில் ஸ்டூடியோ பெயர் இருக்கிறது.

முதலாளியிடம் மீதியைக் கேட்டேன்.

"உன் தப்ப நீயே திருத்துன. அதுக்கு யாரும்மா காசு குடுப்பா?"

"கேட்டுட்டுத்தானண்ணே வச்சேன். நீங்களும் இருந்தீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லையே."

அக்காவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கும் அவருதாம்மா கூப்புடணும். எனக்கு எதுக்கு வம்பு" என்றார். சின்னவர் எடுக்கவே இல்லை.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் பில் புத்தகத்தில், என் நம்பர்களுக்குக் கீழே, அந்த அறையில் இருந்த ஐந்து பேரையும் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே எழுதி வைத்தேன். இரண்டாவது மெட்டுக்கு விலை பேசவில்லை; அதைக் கேட்கவில்லை. பேசியது ஒரு மெட்டு, நாலாயிரம். வாங்கியது ஐந்நூறு. வர வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.