டர்போவுக்குப் பூசிய சந்தனம்

ஜொகூர் பாருவில் ஒரு பட்டறையில் என் கார் பேட்டரியை மாற்றக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, காலில் ரப்பர் செருப்பு. தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ பூட்ட வந்திருந்தார். பட்டறை மெக்கானிக்கான ஃபோர்மேன் போல்ட்டை முறுக்கும்போதெல்லாம், ஊசி போட்டுக்கொள்பவரைப் போல முகம் சுளித்து, "மெதுவா லா, தம்பி" என்பார்.

பூட்டி முடித்த ஃபோர்மேன் கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் இவர் கையோடு கொண்டுவந்த கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து டர்போ முழுக்கப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

இவர் ஏறி இஞ்சினை ஓடவிட்ட சற்று நேரத்தில் பானெட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது.

"அலமாக்! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தியபடி ஃபோர்மேன் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

இவர் இஞ்சினை நிறுத்திவிட்டு, இரு கைகளையும் விரித்துக் காருக்கு முன்னால் நின்றார். "அடிச்சிராத தம்பி! மோந்து பாரு!"

பட்டறை முழுக்கக் கோவில் வாசம்.

"டர்போ எவ்வளவு சூடாவும்னு தெரியாதாண்ணே?"

"தெரியும். அதனாலதானே குளிர்ச்சிக்குச் சந்தனம் பூசினேன்!"

ஃபோர்மேன் சூடு ஆறியதும் கருகிய சந்தனத்தைச் சுரண்டத் தொடங்கினார். இவர் கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"மிச்சம் இருக்கு. உங்க பேட்டரிக்கு வைக்கவா?"

வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொட்டு இன்னமும் பேட்டரி மேல் இருக்கிறது. பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் துடைத்துவிடத்தான் நினைக்கிறேன். ஆனால் கார் அதன்பிறகு ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.