சிவப்பு எழுத்தில் உள்ளவை

டயகம தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பூரணிக்கு இருபத்தாறு வயது வரை அடையாள அட்டை கிடையாது. பிறப்பைப் பதிந்தபோது யாரோ அவளைப் ‘பூமணி’ என்று எழுதிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பூரணி, பத்திரத்தில் பூமணி. விண்ணப்பம் மூன்று தரம் திரும்பி வந்தது. தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், பஸ் ஏறினால் சோதனைச் சாவடியில் இறக்கி ‘ஐடென்டி’ கேட்பார்கள். அவள் தோட்டத்துரையின் கடிதத்தை நீட்டிவிட்டு, அவர்கள் படித்து முடிக்கும் வரை தலையைக் குனிந்து நிற்பாள்.

அப்போதே அவள் ஹட்டனில் ஜெயரத்தினம் மாஸ்டரின் அச்சகத்தில் சேர்ந்துவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்து, ஓய்வுபெற்ற பிறகு இங்கேயே அச்சகம் வைத்தவர் மாஸ்டர். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ் எல்லாம் பூரணிதான் கணினியில் அடிப்பாள். திரையைப் பார்க்காமலே அடிப்பாள் என்று மாஸ்டர் வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

2007இல் ஊரில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம், அடையாள அட்டை எடுப்பது எப்படி என்று தமிழில் ஓர் இணையப் பக்கம் செய்து தரச் சொன்னது. பூரணி தான் பட்ட பாட்டையெல்லாம் நினைத்து நினைத்து அதை எழுதினாள். தலைப்புகளைப் பூ வேலைப்பாட்டோடு படமாகச் செய்து போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள்.

ஒரு வருடம் கழித்து அச்சகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

“மிஸ், மஸ்கெலியாவுல இருந்து ஆண்டியப்பன் பேசுறேன். தொழிற்சங்க ஆபிஸ்ல போன் எடுக்கிற வேலைங்க. நீங்க போட்ட பக்கத்தக் கேட்டேன், ஒன்னுமே வெளங்கல.”

“கேட்டீங்களா? படிக்கலையா?”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க. கம்பியூட்டரு படிச்சுச் சொல்லும்.”

தன் வேலையில் குறை சொல்கிறாரே என்று பூரணிக்குச் சுருக்கென்றது. “நேர்ல வாங்க, பாப்போம்” என்று வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவர் வந்தே விட்டார். அவள் வயதுதான் இருக்கும். கையோடு கொண்டுவந்த மென்பொருளை அச்சகக் கணினியில் போட்டு, அவளுடைய பக்கத்தைத் திறந்தார். ஒரு வெள்ளைக்காரக் குரல் கடகடவென்று பேசியது.

“மிலாஸ். எம், எல், செமிகோலன்...”

“யாருங்க மிஸ் இந்த மிலாஸு?” என்றார் ஆண்டியப்பன்.

பூரணிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் அடித்தது பாமினி எழுத்துருவில். திரையில் ‘அடையாள’ என்று தெரிவதற்கு அவள் விரல் தட்டுவது எம், ஐ, எல், ஏ, எச், எஸ். கணினி உள்ளே வைத்திருப்பதும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். பதின்மூன்று வருடமாகத் தமிழ் அடிக்கிறேன் என்று இருந்தவளுக்கு, கணினியிடம் ஒரு தமிழ் எழுத்துக்கூடக் கொடுக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. படமாகப் போட்ட தலைப்புகளுக்கு அந்தக் குரல் வாயே திறக்கவில்லை.

தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் யுனிகோட் முறைக்கு மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோது மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

“இப்ப வடிவாத்தானே பிள்ளை இருக்கு. ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் உடைக்கிறதோ?”

“என் விண்ணப்பமும் ஒரு ஆளோடதுதான் மாஸ்டர். மூனு தரம் திருப்பி அனுப்புனாங்க.”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. கலியாணக் காட் வேலையளை முடிச்சிட்டுச் செய்யும்.”

மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. ஆனால் அது ‘கொ’வையும் ‘கோ’வையும் குழப்பிவிட்டது. அச்சகத்தின் பழைய கணினியில் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. வரி வரியாகத் திருத்தி, தலைப்புகளையும் எழுத்தாகவே அடித்து முடிக்க மூன்று வாரமானது.

மறுபடி ஆண்டியப்பன் வந்தார். இந்த முறை குரல் தமிழ் பேசியது. இரும்புத் தொண்டை, ‘ழ’ வராத நாக்கு. ஆனாலும் தமிழ். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ‘சிவப்பு எழுத்தில் உள்ளவை கட்டாயம் தேவை’ என்றது குரல். அவர் அதை நிறுத்தினார்.

“எதுங்க மிஸ் சிவப்பு?”

பூரணி திரையைப் பார்த்தாள். ஒன்பது பத்திரங்களின் பட்டியல் அது, நாலு சிவப்பு. அவள் கண்ணுக்கு மட்டும் சிவப்பு.

“அப்புறம் ஆறு எடத்துல ‘இங்கே அழுத்தவும்’னு சொல்லுது. அழுத்துனா எங்க போகும்னு சொல்லலீங்களே. நீங்களே கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க.”

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பெயர் மாறியிருந்தால் என்ன செய்வது என்ற பகுதி வந்தது. அவளுடைய சொந்தக் கதை. எட்டு வரிக்கு ஒரே வாக்கியமாக எழுதியிருந்தாள். முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோனது. எழுதிய தனக்கே இப்படியென்றால், கேட்கிறவர் கதி?

அன்றைக்கே உட்கார்ந்து வாக்கியங்களை உடைத்தாள். நாலு பத்திரங்களுக்குப் பக்கத்திலும் ‘கட்டாயம்’ என்று எழுதினாள். ‘இங்கே’ இருந்த இடங்களில் எங்கே என்று எழுதினாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டியப்பன் தன் லயக் குடியிருப்பு ஆட்களைச் சங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பக்கத்தைப் பேசவைத்துக் கேட்கச் சொன்னார். வாசிக்கத் தெரியாதவர்களும் கேட்டார்கள். நாற்பத்தெட்டு வயது வரை அட்டையில்லாமல் இருந்த ராசம்மா என்ற தொழிலாளி, சரியான பத்திரங்களோடு ஒரே தரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதை ஆண்டியப்பன் போனில் சொன்னபோது பூரணி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

2009 கடைசியில் தொண்டு நிறுவனத்துக்குப் புதிதாக வந்த சுகிர்தன் என்ற அதிகாரி, பக்கத்தை வெளி ஆட்களைக் கொண்டு நிறையப் படங்களோடு மாற்றிச் செய்தார். மறுநாளே ஆண்டியப்பன் பூரணிக்குப் போன் செய்தார். “மிஸ், பேச்சு நின்னுபோச்சு.” இருவரும் சுகிர்தனின் அலுவலகத்துக்குப் போனார்கள். பூரணி திரையை அணைத்துவிட்டு, “இப்பக் கேளுங்க சார்” என்றாள். ‘படம். படம். படம்’ என்றது குரல். சுகிர்தன் திரையை மறுபடி போட்டார். பிறகு, “ஒவ்வொரு படத்துக்கும் என்ன எண்டு நீங்களே எழுதித் தாங்கோ” என்றார்.

முதல் படத்தில் இடுப்பில் படங்குத் துணி கட்டிய ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ‘சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண்’ என்று அடித்து, பூரணி வாசித்துக் காட்டினாள்.

“நெசமாவே சிரிக்குதுங்களா அந்தம்மா?” என்று கேட்டார் ஆண்டியப்பன்.

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். “வாய் மட்டுந்தாங்க.”

“அப்ப அப்படியே எழுதுங்களேன்.”

பூரணி அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.