குளோரின் என்று போட்ட விடைக்குறிப்பு

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடங்களாக வேதியியல் நடத்திவந்தேன். ஏழெட்டுப் பள்ளிகள் சேர்ந்து வைத்த ஒரு திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. பிணைப்பில் பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான்களைத் தன் பக்கம் மிக வலுவாக இழுக்கும் தனிமம் எது என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டிருந்தேன். விடை குளோரின் என்று குறித்திருந்தேன்.

தேர்வுக்கு மறுநாள் மதியம் அலங்காநல்லூர்ப் பள்ளியிலிருந்து வேதியியல் ஆசிரியை அழைத்தார். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர்.

"சார், மூணாவது கேள்விக்கு ஃபுளூரின்தான வரணும்?"

"இல்லம்மா, குளோரின்தான். டேபிளப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சார் கூப்பிடுறேன். நீங்க சொல்றது எலக்ட்ரான் நாட்டம். தனியா இருக்கிற அணு ஒரு எலக்ட்ரான வாங்கிக்கிட்டா எம்புட்டு ஆற்றல் வெளிய வருதுங்கிற கணக்கு. அதுல குளோரின்தான் முதல். ஆனா கேள்வி, இன்னொரு அணுவோட சேந்து இருக்கையில எது இழுக்கும்னுல்ல இருக்கு?"

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அப்போது வகுப்பு இல்லை.

அவர் சொன்னது சரி என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. எலக்ட்ரான் நாட்டத்தையும், பிணைப்பில் இழுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மையையும் குழப்பாதீர்கள் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ஃபுளூரின் அணு மிகச் சிறியது. பங்கிட்ட எலக்ட்ரான்கள் அதன் உட்கருவுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் இழுப்பு அதிகம். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருந்தும் இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தானாக அமுங்கிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் பள்ளித் தாள்களை எடுத்தேன். வகுப்பில் பாதிப்பேர் ஃபுளூரின் என்று எழுதியிருந்தார்கள். நான் நடத்தியதைச் சரியாகக் கேட்டவர்கள். சிவப்புப் பேனாவால் நான்கு தாள்களில் தப்புப் போட்டேன். ஐந்தாவது தாளில் பேனாவை மூடி வைத்தேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், விடைக்குறிப்பில் தவறு, அது என்னுடையது என்று எழுதினேன்.

"அண்ணே, அம்புட்டுத் தாளும் திருத்தி முடிச்சாச்சு. மறுபடியுமா?" என்று சமயநல்லூர் ஆசிரியர் ஒருவர் சலித்துக்கொண்டார்.

அந்த ஆசிரியையை நானே அழைத்தேன்.

"நீங்க சொன்னதுதான்மா சரி."

"பரவால்ல சார். நான் அன்னைக்கே ஃபுளூரினுக்கு மார்க் போட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு என்கிட்டக் கேட்டீங்க?"

"எங்க பிள்ளைகளுக்கு மட்டும் கெடச்சாப் போதுமா சார்?" என்றார்.