தணலில் சுட்ட பீட்ரூட்

கல்யாணமான மறுவருஷம் அவனியாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது, தினமும் பீட்ரூட் சேர்த்துக்கொள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கோ பீட்ரூட் வாணலியில் வதங்கும்போதே குமட்டும். ஈர மண்ணை வாயில் அள்ளிப் போட்டதுபோல ஒரு வாடை. ஜூஸ் போட்டுப் பார்த்தோம், அல்வா கிண்டிப் பார்த்தோம். எதுவும் உள்ளே தங்கவில்லை.

என் கணவர் அதுவரை அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். டிவியில் யாரோ பீட்ரூட்டை முழுசாகச் சுட்டார்களாம். சுட்டால் மண்வாடை போய்விடுமாம். கிறிஸ்துமஸ் கேக் செய்வதற்கென்று அம்மா வாங்கித் தந்த வட்ட ஓவன் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தார். பீட்ரூட்டைத் தோலோடு கழுவி, எண்ணெயும் உப்பும் தடவி, ஒவ்வொன்றையும் சில்வர் பேப்பரில் பொட்டலம் கட்டினார். நகைக்கடைக்காரர்கூட அவ்வளவு கவனமாகக் கட்டியிருக்க மாட்டார்.

ஓவனைப் போட்டதும் ஃபேன் சோர்ந்துபோனது. வெகுநேரம் கழித்துத் திறந்து கத்தியால் குத்தினார். கல். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று மூடியதுதான், தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அவர் ஓவன் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு சௌராஷ்டிரா அக்கா கொல்லைச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, கேக்கா செய்கிறீர்கள் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"பீட்ரூட்டையா சுடுறீங்க? கொண்டாங்க, வெந்நீர் அடுப்புல தணல் கெடக்கு."

பொட்டலங்களைத் தணலுக்குள் புதைத்துவிட்டு, உள்ளே திரும்பித் தன் வீட்டாரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். உள்ளிருந்து பெரிய சிரிப்பு வந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறியபின் பெருவிரலால் தள்ளினாலே தோல் கழன்றது. என் கணவர் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவி நீட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் வாஷ்பேசின் பக்கத்தில் நின்றுகொண்டேன். வாயில் போட்டேன். மண்ணைக் காணோம். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு இனிப்பு, லேசாகப் புகைவாசம்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "தங்குதா?"

"இன்னொண்ணு உரிங்க."

அக்காவும் ஒரு துண்டை மென்று பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் புளி சேர்த்திருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் ஆபீசில் என் கணவரின் சிவந்த விரல்களைப் பார்த்து, மருதாணியா மாப்ள என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதன்பின் குளித்து முடித்ததும் தணலை அணைக்காமல் அக்கா குரல் கொடுப்பார். இவர் பொட்டலங்களோடு ஓடுவார்.

அடுத்த சோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. மாத்திரையும் சாப்பிட்டேன்தான், ஆனால் அதை யார் கேட்டார்கள்? என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னதென்னவோ இவர். கழுவுவதில் ஆரம்பித்து, எண்ணெய் தடவி, சில்வர் பேப்பரை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தபோதே, நர்ஸ் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.